தலைமுறையுரிமையும் தாவர இனவிருத்தியும்
(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம் – தரம் 11 – விளக்கக் கட்டுரை)



"3 : 1 என்பதைப் பாடமாக்கிவிட்டோம். ஆனால் பட்டாணிச் செடி நெட்டையாக இருந்தால் என்ன, குட்டையாக இருந்தால் என்ன?" தலைமுறையுரிமை அலகைப் படிக்கும் மாணவர் பலர் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்கான விடை உங்கள் சோற்றுக் கோப்பையிலும், வீட்டைச் சுற்றியுள்ள தேயிலை மலையிலும் இருக்கிறது. அந்த விடையை விளங்கிக்கொண்டால் இவ்வலகின் வினாக்களுக்கு மனனம் செய்யாமலே விடை எழுதலாம்.

1. முதலில் அறிய வேண்டிய சொற்கள்

பரம்பரையலகு: ஓர் இயல்பைத் தீர்மானிக்கும் டி.என்.ஏ. பகுதி. இது நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. நெற்பயிரின் உடற்கலம் ஒன்றில் 24 நிறமூர்த்தங்கள், அதாவது 12 சோடிகள் உள்ளன.

எதிருரு: ஒரே பரம்பரையலகின் வெவ்வேறு வடிவங்கள். உயரத்துக்கான பரம்பரையலகில் நெட்டை ஓர் எதிருரு, குட்டை மற்றொரு எதிருரு.

ஆட்சியான இயல்பு: இரு எதிருருக்களும் ஒன்றுசேர்ந்திருக்கும்போது வெளித்தெரியும் இயல்பு. அவ்வேளையில் மறைந்திருக்கும் இயல்பு பின்னிடைவான இயல்பு.

ஓரினநுகம்: சோடியின் இரு எதிருருக்களும் ஒரே வகை. இதரநுகம்: இரண்டும் வெவ்வேறு வகை.

பிறப்புரிமையமைப்பு: உள்ளே இருக்கும் எதிருருக்களின் சேர்க்கை. தோற்றவமைப்பு: வெளியே கண்ணுக்குத் தெரியும் இயல்பு.

மெண்டல் தமது பட்டாணி ஆய்வை 1866 இல் வெளியிட்டார். உயரத்தைப் பற்றிய பரிசோதனையில் இரண்டாம் சந்ததியில் அவருக்குக் கிடைத்தவை 787 நெட்டைச் செடிகளும் 277 குட்டைச் செடிகளும் ஆகும். வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 2.84 : 1. இயற்கையில் 3 : 1 விகிதம் அச்சொட்டாகக் கிடைப்பதில்லை. எச்சங்களின் எண்ணிக்கை கூடக்கூட அதற்கு அண்மித்து வரும்.

2. தாவர இனவிருத்தி என்றால் என்ன?

வெவ்வேறு தாவரங்களில் உள்ள விரும்பத்தக்க இயல்புகளை ஒரே தாவரத்தில் ஒன்றுசேர்த்து, அவ்வியல்புகள் சந்ததி சந்ததியாக நிலைக்கும்படி தெரிவு செய்வதே தாவர இனவிருத்தி.

நெல்லை எடுத்துக்கொள்வோம். நெற்பூவில் 6 கேசரங்களும் ஒரு சூலகமும் ஒன்றாகவே உள்ளன. எனவே நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். இரு வர்க்கங்களைக் கலக்க விரும்பும் ஆய்வாளர் பின்வருமாறு செய்வார்.

அ) தாய்த் தாவரத்தின் பூவில், மகரந்தக்கூடுகள் வெடிக்குமுன் 6 கேசரங்களையும் நீக்குவார்.
ஆ) தந்தைத் தாவரத்தின் மகரந்தத்தைக் குறியின் மீது தூவுவார்.
இ) வேறு மகரந்தம் விழாதவாறு கதிரை உறையால் மூடுவார்.
ஈ) கிடைக்கும் விதைகளை விதைத்து முதலாம் சந்ததியைப் பெறுவார்.
உ) அதனைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, இரண்டாம் சந்ததியிலிருந்து நல்லவற்றைத் தெரிவு செய்யத் தொடங்குவார்.

தெரிவு ஒரு போகத்தில் முடிவதில்லை. இரண்டாம் சந்ததியில் ஒரு பரம்பரையலகுக்கு அரைவாசித் தாவரங்கள் இதரநுகமாக இருக்கும். தன்மகரந்தச் சேர்க்கை நிகழும் ஒவ்வொரு சந்ததியிலும் இப்பங்கு பாதியாகக் குறையும். மூன்றாம் சந்ததியில் 1/4, நான்காவதில் 1/8, ஐந்தாவதில் 1/16, ஆறாவதில் 1/32. ஒரு புதிய நெல் வர்க்கம் உருவாகப் பல ஆண்டுகள் செல்வதற்கு இந்தக் கணக்கே முக்கிய காரணம்.

எமது நாட்டில் நெல் இனவிருத்தியின் மையம் குருணாகல் மாவட்டத்திலுள்ள பத்தலகொட ஆராய்ச்சி நிலையம். உள்நாட்டு 'முருங்கக்காயன் 302' வர்க்கத்தையும் இந்தோனேசியாவின் 'மாஸ்' வர்க்கத்தையும் கலந்து 'எச்-4' என்ற வர்க்கம் 1950களின் பிற்பகுதியில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது. இன்று நீங்கள் கேள்விப்படும் பி.ஜி. 300, பி.ஜி. 352 போன்ற பெயர்களில் 'பி.ஜி.' என்பது பத்தலகொடையைக் குறிக்கும். 300 என்றால் ஏறத்தாழ மூன்று மாத நெல், 352 என்றால் மூன்றரை மாத நெல். அம்பலாந்தோட்டையில் உருவானவை 'ஏ.டி.' எனத் தொடங்கும்.

3. மெண்டலின் விகிதம் நெல்வயலில்

பழைய நெல் வர்க்கங்கள் நெட்டையானவை. பசளை கூடுதலாக இட்டால் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல் அழுகும், விளைச்சல் குறையும். குட்டையான, உறுதியான தண்டுள்ள நெல் தேவைப்பட்டது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் லொஸ் பானோஸ் நகரில் 1960 இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் அமைக்கப்பட்டது. அங்கு 1962 இல் 'பேட்டா' என்ற நெட்டை நெல்லும், தாய்வானிலிருந்து பெற்ற 'டீ-ஜியோ-வூ-ஜென்' என்ற குட்டை நெல்லும் கலக்கப்பட்டன. முதலாம் சந்ததித் தாவரங்கள் யாவும் நெட்டையாக வளர்ந்தன. இரண்டாம் சந்ததியிலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குட்டையாக இருந்தது. மெண்டலின் பட்டாணியில் கண்ட அதே விகிதம்!

இதைப் பிறப்புரிமையமைப்பில் எழுதுவோம். நெட்டை எதிருரு 'நெ', குட்டை எதிருரு 'கு' எனக் கொள்க. (பரீட்சை விடைத்தாளில் ஆட்சியானதற்கு ஆங்கிலப் பெரிய எழுத்தையும் பின்னிடைவானதற்கு அதே எழுத்தின் சிறிய வடிவத்தையும் பயன்படுத்துங்கள்.)

பெற்றார்: நெநெ × குகு
புணரிகள்: நெ, கு
முதலாம் சந்ததி: யாவும் நெகு (நெட்டை)
தன்மகரந்தச் சேர்க்கை: நெகு × நெகு
இரண்டாம் சந்ததி: 1 நெநெ : 2 நெகு : 1 குகு
தோற்றவமைப்பு விகிதம்: 3 நெட்டை : 1 குட்டை

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. குட்டையாகத் தெரியும் தாவரம் கட்டாயம் குகு ஆகவே இருக்கும். எனவே அதன் விதையிலிருந்து உயரத்தைப் பொறுத்தவரை குட்டையானவை மட்டுமே தோன்றும். நெட்டையாகத் தெரியும் தாவரம் நெநெ ஆகவும் இருக்கலாம், நெகு ஆகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. பின்னிடைவான இயல்பைத் தெரிவு செய்வது இனவிருத்தியாளருக்கு எளிதாவது இதனாலேயே.

குட்டையான தாவரங்களிலிருந்து மேலும் தெரிவு செய்யப்பட்டு 1966 இல் வெளியானதே 'ஐ.ஆர். 8' நெல். அதன் முழுப்பெயர் ஐ.ஆர். 8-288-3. எட்டாவது கலப்பு, 288 ஆவது வரிசை, அதில் 3 ஆவது தாவரம் என்பது இதன் பொருள். ஆசியாவின் பசுமைப் புரட்சியில் பெரும் பங்கு வகித்த நெல் அது. குட்டைத் தன்மைக்குரிய பரம்பரையலகை ஆய்வாளர்கள் 2002 இல் இனங்கண்டனர். ஜிபரலின் என்ற வளர்ச்சி ஓமோனை உற்பத்தி செய்ய உதவும் ஒரு நொதியத்துக்கான பரம்பரையலகு அது. விகாரத்தால் அந்நொதியம் சரிவரச் செயற்படாதபோது ஜிபரலின் குறைகிறது, தண்டு நீள்வதும் குறைகிறது.

4. சோள விதையை ஏன் ஆண்டுதோறும் வாங்க வேண்டும்?

மகியங்கனை, மொனராகலைப் பக்கம் உறவினர் உள்ள மாணவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. நெல்லில் ஒரு பகுதியை விதைநெல்லாக ஒதுக்கி அடுத்த போகத்துக்கு விதைக்கலாம். கடையில் வாங்கிய கலப்பினச் சோளத்தின் மணியை அப்படி விதைத்தால், செடிகள் ஏற்றத்தாழ்வாக வளர்ந்து விளைச்சலும் குறையும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் எண்ணுவர். காரணம் தலைமுறையுரிமையில் உள்ளது.

கலப்பினச் சோள விதை என்பது இரு தூய வழிகளைக் கலந்து பெற்ற முதலாம் சந்ததி. அதன் செடிகள் யாவும் ஒரே பிறப்புரிமையமைப்பு உடையவை; எனவே ஒரே சீராக வளரும். அத்துடன் பெற்றார் இருவரையும் விட வீரியமாகவும் இருக்கும். இது கலப்பின வீரியம் எனப்படும். ஆனால் அவை பல பரம்பரையலகுகளில் இதரநுகமானவை. அவற்றின் மணியை விதைத்தால் வருவது இரண்டாம் சந்ததி. அங்கு இயல்புகள் பிரிந்துவிடும். சில உயரும், சில குள்ளமாகும், கதிர்கள் சிறுக்கும். நீங்கள் பயிற்சிக் கொப்பியில் போடும் 1 : 2 : 1 கட்டம், அங்கே ஒரு குடும்பத்தின் ஒரு போக வருமானமாகிறது. விதை வாங்கும் முன்னர் அது கலப்பினமா, சாதாரண வர்க்கமா என்று கேட்கும்படி வீட்டில் சொல்லிவையுங்கள்.

5. மடுல்சீமையில் தொடங்கிய பாடம்

இனவிருத்தியாளர் புதிய இயல்புகளை வெறுமையிலிருந்து படைப்பதில்லை. ஏற்கெனவே எங்கோ இருக்கும் எதிருருக்களையே ஒன்றுசேர்க்கிறார். வேறுபாடு இல்லாத இடத்தில் தெரிவுக்கு இடமில்லை. இதை இந்த நாட்டுக்கு முதலில் உணர்த்தியது எமது ஊவா மண்ணே.

தேயிலைக்கு முன்னர் இம்மலைகளில் இருந்தது கோப்பி. 1869 இல் பதுளை மாவட்டத்தின் மடுல்சீமையில் உள்ள தோட்டமொன்றில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருப்பது காணப்பட்டது. பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பப்பட்டது. அங்கு பேர்க்லி என்ற அறிஞர் அதனை ஒரு புதிய பங்கசு என இனங்கண்டு 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' எனப் பெயரிட்டார். இதுவே கோப்பி இலைத்துரு நோய். இருபது ஆண்டுகளுக்குள் நாட்டின் கோப்பிக் கைத்தொழில் ஏறத்தாழ அழிந்துபோனது.

நோய் ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது? மலைக்கு மலை தொடர்ச்சியாகக் கோப்பியே நடப்பட்டிருந்தது. ஈரமான காலநிலை பங்கசுக்கு வாய்ப்பாக இருந்தது. இவற்றுடன் மூன்றாவது காரணமும் உண்டு. இங்கிருந்த அராபிக்கா கோப்பி, சில தாய்ச் செடிகளின் வழிவந்தது. தன்மகரந்தச் சேர்க்கை செய்வது. ஆகவே செடிகளிடையே பரம்பரை வேறுபாடு மிகக் குறைவு. ஒரு செடி நோய்க்கு இடங்கொடுத்தால் எல்லாச் செடிகளும் இடங்கொடுக்கும். தப்பிப் பிழைத்து அடுத்த சந்ததியைத் தர எதிர்ப்புள்ள செடி இருக்கவில்லை.

அந்த வீழ்ச்சிக்குப் பின்னரே தேயிலை இம்மலைகளை நிறைத்தது. கோப்பிக்குப் பருவ காலத்தில் மட்டும் ஆட்கள் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பருவத்துக்கு வந்து திரும்பிய எமது முன்னோர் குடும்பங்களாக லயங்களில் நிலைத்து வாழ நேர்ந்ததற்கு இம்மாற்றமும் ஒரு காரணம். ஒரு பங்கசும், வேறுபாடற்ற ஒரு பயிரும் மக்களின் வரலாற்றையே மாற்றியுள்ளன.

கோப்பிக்கு எதிர்ப்புத் தன்மை பின்னர் எங்கிருந்து கிடைத்தது? 1920களில் திமோர் தீவில், அராபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து உருவான செடி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதில் துரு நோய்க்கு எதிர்ப்பு இருந்தது. 1959 இல் போர்த்துக்கலில் அதனைக் 'கதூரா' என்ற குட்டைக் கோப்பியுடன் கலந்து 'கதிமோர்' கோப்பி உருவாக்கப்பட்டது. இங்கும் புதிதாகப் படைக்கப்பட்டது எதுவுமில்லை. இருந்த வேறுபாடு தேடிப் பிடிக்கப்பட்டது.

இன்றைய தேயிலை மலையையும் இதே கண்ணோடு பாருங்கள். பழைய விதைத் தேயிலை மலையில் செடிக்குச் செடி இலையின் நிறமும் அளவும் வேறுபடும். தேயிலை அயன்மகரந்தச் சேர்க்கை செய்வதே அதற்குக் காரணம். வி.பி. தேயிலை மலையில் ஒரே வகைச் செடிகள் யாவும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு தாய்ச் செடியின் துண்டங்களிலிருந்து பதிய முறையில் பெருக்கப்பட்டதால் அவை ஒரே பிறப்புரிமையமைப்பு உடையவை. விளைச்சல் கூடும், கொழுந்து சீராக வரும். ஆனால் ஒரு நோய் வந்தால் எல்லாச் செடிகளும் ஒன்றுபோலவே பாதிக்கப்படலாம். ஒரு தோட்டம் முழுவதையும் ஒரே வகையால் நிரப்பாமல் பல வகைகளை நடுவது இதனாலேயே நல்லது.

6. உலகுக்கு உதவிய இலங்கை நெல்

மடுல்சீமைக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. 1970களில் ஆசிய நெல்வயல்களைக் கபிலநிறத் தத்தி என்ற பூச்சி தாக்கியது. தண்டின் சாற்றை அது உறிஞ்ச, வயல் தீயில் கருகியதுபோல் காய்ந்துவிடும். எதிர்ப்புப் பரம்பரையலகு ஒன்றைக் கொண்ட 'ஐ.ஆர். 26' நெல் 1973 இல் வெளியானது. சில ஆண்டுகளிலேயே அந்நெல்லையும் தாக்கக்கூடிய தத்திகள் பெருகின. வேறொரு பரம்பரையலகு கொண்ட வர்க்கங்கள் வந்தன. அவற்றின் எதிர்ப்பும் நிலைக்கவில்லை.

அப்போது கைகொடுத்தவை இலங்கையின் பாரம்பரிய நெல் வர்க்கங்கள். 'ரத்து ஹீனெட்டி' என்ற சிவப்பு நெல்லில் ஆட்சியான எதிர்ப்புப் பரம்பரையலகு ஒன்றும், 'பாபாவி' என்ற நெல்லில் பின்னிடைவான எதிர்ப்புப் பரம்பரையலகு ஒன்றும் இருப்பது 1977 இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. ரத்து ஹீனெட்டியின் எதிர்ப்புத் தன்மை 1982 இல் வெளியான 'ஐ.ஆர். 56' உட்படப் பல வர்க்கங்களுக்குக் கலப்பின் மூலம் கொண்டுசெல்லப்பட்டது. 2015 இல் சீன ஆய்வாளர்கள் இதை மேலும் ஆராய்ந்து, ரத்து ஹீனெட்டியின் எதிர்ப்புக்குப் பின்னால் அருகருகே அமைந்த மூன்று பரம்பரையலகுகள் உள்ளன எனக் கண்டனர்.

ரத்து ஹீனெட்டியை விதைத்த விவசாயிக்குப் பரம்பரையலகு என்ற சொல்லே தெரிந்திராது. ஆனாலும் விளைச்சல் குறைவு என்று அவர் அதைக் கைவிட்டிருந்தால், அந்த எதிருரு அழிந்திருக்கும். பாரம்பரிய வர்க்கங்களின் விதைகளைக் குளிரூட்டிய அறைகளில் பேணும் பணியை எமது நாட்டில் கன்னொறுவையிலுள்ள தாவரப் பிறப்புரிமை வள நிலையம் செய்துவருகிறது.

7. புதிய முறைகள் இரண்டு

(அ) டி.என்.ஏ. அடையாளங்களைக் கொண்டு தெரிவு செய்தல். இந்தியாவின் ஒடிசா மாநிலத்தைச் சேர்ந்த 'எப்.ஆர். 13ஏ' என்ற நெல், ஏறத்தாழ இரு வாரங்கள் நீரில் மூழ்கியிருந்தாலும் பிழைக்கும். அதற்குரிய பரம்பரையலகு 2006 இல் விவரிக்கப்பட்டது. அதனை 'சுவர்ணா' என்ற பிரபல நெல்லுக்குள் கொண்டுவர மீள்கலப்பு செய்தனர். ஒவ்வொரு சந்ததியிலும் வெள்ளம் வரும்வரை காத்திராமல், நாற்றின் சிறு இலைத் துண்டில் டி.என்.ஏ.யைச் சோதித்து, வேண்டிய நாற்றுகளை மட்டும் வளர்த்தனர். 'சுவர்ணா-சப் 1' 2009 இல் இந்தியாவில் வெளியானது. இது கலப்பினால் வந்த நெல்லே. தெரிவு மட்டும் விரைவானது.

(ஆ) பிறப்புரிமைப் பொறியியல். ஹவாய்த் தீவின் புனா பகுதியில் 1992 இல் பப்பாசி மரங்களை வளையப்புள்ளி வைரசு தாக்கியது. எதிர்ப்புள்ள பப்பாசி வர்க்கம் கைவசம் இருக்கவில்லை. டெனிஸ் கொன்சால்வெஸ் தலைமையிலான குழு, அவ்வைரசின் உறைப் புரதத்துக்கான பரம்பரையலகைப் பப்பாசிக் கலத்தினுள் செலுத்தி எதிர்ப்பை உண்டாக்கியது. அவ்வாறு பெற்ற செந்தசைப் பப்பாசி 'சன்அப்'. அதனை மஞ்சள்தசை உடைய 'கபோஹோ' பப்பாசியுடன் கலந்து பெற்றது 'ரெயின்போ'. 1998 இல் விவசாயிகளுக்கு விதை வழங்கப்பட்டது. ரெயின்போவின் தசை மஞ்சள் நிறமானது. அப்படியாயின் எந்நிறம் ஆட்சியானது? கீழே வினா 2 ஐப் பாருங்கள்.

இரு முறைகளையும் விடைத்தாளில் குழப்ப வேண்டாம். முதலாவதில் பரம்பரையலகு கலப்பின் மூலம் நெல்லிலிருந்து நெல்லுக்குச் செல்கிறது. இரண்டாவதில் அது ஆய்வுகூடத்தில் வேறோர் அங்கியிலிருந்து அல்லது வைரசிலிருந்து எடுக்கப்பட்டு உட்செலுத்தப்படுகிறது.

8. பயிற்சி வினாக்கள்

வினா 1: நெட்டை நெல் ஒன்று (நெகு) குட்டை நெல்லுடன் (குகு) கலக்கப்பட்டது. எச்சங்களின் தோற்றவமைப்பு விகிதம் யாது?
விடை: புணரிகள் ஒருபுறம் நெ, கு, மறுபுறம் கு மட்டும். எச்சங்கள் நெகு, குகு. விகிதம் 1 நெட்டை : 1 குட்டை.

வினா 2: தூய செந்தசைப் பப்பாசியும் தூய மஞ்சள்தசைப் பப்பாசியும் கலக்கப்பட முதலாம் சந்ததி யாவும் மஞ்சளாயின. முதலாம் சந்ததித் தாவரங்களைத் தம்முள் கலந்தால் 200 எச்சங்களில் எத்தனை செந்தசை உடையனவாக எதிர்பார்க்கலாம்?
விடை: மஞ்சள் ஆட்சியானது, செந்நிறம் பின்னிடைவானது. இரண்டாம் சந்ததியில் நான்கில் ஒரு பங்கு செந்நிறம். 200 × 1/4 = 50.

வினா 3: கலப்பினச் சோளத்தின் மணிகளை மீண்டும் விதைப்பதால் சீரான விளைச்சல் கிடைக்காதது ஏன்?
விடை: கலப்பினத் தாவரங்கள் இதரநுகமானவை. அடுத்த சந்ததியில் எதிருருக்கள் பிரிந்து வெவ்வேறாகச் சேர்வதால் தாவரங்கள் வேறுபடும்; கலப்பின வீரியமும் குறையும்.

வினா 4: பாரம்பரிய நெல் வர்க்கங்களைப் பேணுவதன் முக்கியத்துவத்தை ஓர் உதாரணத்துடன் விளக்குக.
விடைக் குறிப்பு: இனவிருத்திக்குத் தேவையான எதிருருக்கள் அவற்றில் உள்ளன என்பதை முதலில் எழுதுக. அடுத்து ரத்து ஹீனெட்டியும் கபிலநிறத் தத்தியும் பற்றி இரு வாக்கியங்கள் எழுதுக. வேறுபாடு குறைந்த பயிருக்கு நேரும் ஆபத்துக்குக் கோப்பி இலைத்துரு நோயைக் குறிப்பிடுக. உதாரணம் எழுதாது பொதுவாக மட்டும் விடையளிப்போர் புள்ளிகளை இழப்பர்.

மாணவர்களே, அடுத்த முறை தேயிலை மலை வழியாகப் பாடசாலைக்குச் செல்லும்போது ஒரு வேலை செய்யுங்கள். விதைத் தேயிலைச் செடிகள் பத்திலிருந்தும், ஒரே வகையான வி.பி. தேயிலைச் செடிகள் பத்திலிருந்தும் ஒவ்வோர் இலையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பெற்று, நீளத்தை அளந்து கொப்பியில் குறியுங்கள். எந்தப் பத்தில் வேறுபாடு கூடுதலாக உள்ளது, ஏன் என்று மூன்று வரிகளில் எழுதுங்கள். இவ்வலகில் நீங்கள் எழுதும் மிகச் சிறந்த விடை அதுவாக இருக்கும்.